சமப் பொருத்தமும் புதிய ஆட்டக்காரரும்: இணையப் போட்டி விளையாட்டுக்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழிலே இணையவழிப் போட்டி விளையாட்டுக்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாவலையும் நாட்டார் பாடலையும் கூத்தையும் சமூகவியல் நோக்கில் ஆராயப் பழகிய நாம், இன்றைய இளந்தலைமுறையினரின் ஓய்வுநேரத்திற் பெரும்பகுதியைத் தன்வயப்படுத்தியுள்ள ஒரு பண்பாட்டு வடிவத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே கலையின் தோற்றத்தை விளக்கப் புகுந்த பிளெக்கனோவ், விளையாட்டு உழைப்புக்கு முந்தியது என்ற கார்ல் பூஹரின் கருத்தை மறுத்து, உழைப்பிலிருந்தே விளையாட்டுப் பிறந்தது என நிறுவ முயன்றார். வேட்டையாடியவனே வேட்டையை ஆடிக்காட்டினான். உழைப்பிலே செலவழித்த ஆற்றலின் இன்பத்தை மீண்டும் நுகர்வதற்காக ஆடினான் என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாதத்தை ஏற்போர், ஒரு காலத்தின் விளையாட்டு அக்காலத்தின் உற்பத்தி உறவுகளை எவ்வாறு தன்னுள் ஏந்தி நிற்கின்றது என்ற வினாவைத் தவிர்க்க முடியாது.

இக்கட்டுரை அப்பரந்த வினாவின் ஒரு சிறு கூற்றையே எடுத்துக்கொள்கின்றது. இலட்சக்கணக்கானோர் பங்குகொள்ளும் ஒரு போட்டி விளையாட்டினுள் இன்று முதன்முறையாக நுழையும் ஒருவர் யாரோடு மோதவிடப்படுகிறார்? அவர் முன்னேறுவதற்கு அங்கே திறந்துவிடப்பட்டுள்ள வழி எத்தகையது? இவ்விரு வினாக்களையும் தனித்தனியே பேசுவதே வழக்கம். அவை ஒன்றையொன்று தோற்றுவிப்பன என்பதும், அவற்றை இணைக்கும் கண்ணியிலேதான் புதியவருக்கு இழைக்கப்படும் அநீதி மறைந்துகிடக்கின்றது என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்து.

ஊர்த் திடலில் விளையாடியபோது இரு தலைவர்கள் மாறிமாறி ஆட்களைத் தெரிந்து அணி பிரித்தனர். வல்லவர் யார், நேற்று வந்தவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அணி சரியாகப் பிரியவில்லையெனின் அங்கேயே வாக்குவாதப்பட்டுத் திருத்திக்கொள்ளவும் முடிந்தது. இணைய விளையாட்டிலே இப்பணியை நிறுவனத்தின் கணினி ஏற்றுக்கொண்டது. ஆட்டக்காரர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். சிறிது நேரத்தில் முன்பின் அறியாத பத்துப் பேரோ நூறு பேரோ அவரோடு களத்தில் நிற்கின்றனர். இதற்கு வழங்கும் 'மட்ச்மேக்கிங்' என்னும் ஆங்கிலச் சொல் கலியாணப் பொருத்தத்துக்கும் உரியது. நம்மவர் கலியாணப் பொருத்தம் பார்க்கும் முறையைப் பற்றி முற்போக்காளருக்குச் சொல்லக் குறைகள் பல உண்டு. ஆயினும் அங்கே சாதகக் குறிப்பு இரு வீட்டாரின் கையிலும் இருக்கும். மனம் ஒவ்வாவிடின் வேறொரு சாத்திரியாரிடம் கொண்டுசெல்லலாம். இங்கே குறிப்பும் சாத்திரமும் சாத்திரியாரும் ஒரே நிறுவனத்தின் உடைமை.

திறனை எண்ணால் அளந்து, ஒப்பானவரோடு ஒப்பானவரை மோதவிடும் முறை சதுரங்கத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலுள்ள மார்க்கெற் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஆர்ப்பாட் ஈலோ வகுத்த முறையை அந்நாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றுக்கொண்டன. அதன் அடிப்படை எளிது. இருவருடைய தரப்புள்ளிகளுக்கிடையேயுள்ள வேறுபாடு அவர்களுள் ஒருவர் வெல்லக்கூடிய வாய்ப்பைக் குறிக்கின்றது. வேறுபாடு இல்லையெனின் இருவருக்கும் சரிபாதி. 200 புள்ளி வேறுபாடு இருப்பின் வலியவர் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பங்கைப் பெறுவார். 400 ஆயின் 91 பங்கை. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினாற் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். பிறப்பும் பட்டமும் பணமும் இக்கணக்கினுள் நுழைவதில்லை. புகழையும் செல்வாக்கையும் கொண்டு ஆட்டக்காரரை மதித்த பழைய வழக்கத்தோடு ஒப்பிடின் இஃது ஒரு சனநாயக முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

இம்முறை இடறி விழும் இடம் புதியவரே. நூறு ஆட்டம் ஆடியவரைப் பற்றி எண் ஏதோ சொல்லும். ஒன்றும் ஆடாதவரைப் பற்றி அது என்ன சொல்லும்? 1995இல் மார்க் கிளிக்மன் வகுத்த முறை, எண்ணோடு சேர்த்து அவ்வெண்ணின் நிச்சயமின்மையையும் கணித்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் உருவாகி, 2007இல் வெளிவந்த ஹேலோ 3 முதலியவற்றிற் பயன்பட்ட 'ட்ரூஸ்கில்' இதனை அணி ஆட்டங்களுக்கும் விரித்தது. அம்முறையிற் புதியவரின் மதிப்பு 25 என்றும், அதன் நிச்சயமின்மை அம்மதிப்பின் மூன்றிலொரு பங்கு என்றும் கொள்ளப்படும். வெளியே காட்டப்படுவதோ, மதிப்பிலிருந்து நிச்சயமின்மையின் மும்மடங்கைக் கழித்து வரும் எண், அதாவது பூச்சியம். உள்ளே நடுத்தரமானவர் என எண்ணப்படும் ஒருவர் வெளியே பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார். கணித நோக்கில் இதிற் பிழை காண்பதற்கில்லை. ஆயின் ஆட்டக்காரர் காணும் எண் ஒன்று, அவரை ஆளும் எண் இன்னொன்று என்ற பிளவு இங்கேயே தோன்றிவிடுகின்றது என்பது மனங்கொளத்தக்கது.

சமப் பொருத்தம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒழுக்கவியலைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை, எண்கணிதமே போதும். ஒருவரோடொருவர் மோதும் ஆட்டத்திலே ஒருவர் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் இன்னொருவர் ஒரு தோல்வியைக் கொடுத்தாக வேண்டும். பத்துக்கு எட்டு ஆட்டம் வெல்ல விரும்பும் ஒருவர், தமக்காகத் தோற்கக்கூடிய எண்மரை விரும்புகிறார் என்பதே பொருள். வெற்றியின்பம் ஒரு பண்டமாக விற்கப்படும் சந்தையிலே தோல்வியே அதன் மூலப்பொருள். அம்மூலப்பொருளை மலிவாகத் தரக்கூடியவர் புதியவர். களத்தின் வரைபடம் அவருக்குத் தெரியாது. ஆயுதங்களின் இயல்பு தெரியாது. தாம் எதனால் தோற்றோம் என்பதுகூடத் தெரியாது.

கோல் ஒஃப் டியூட்டி என்ற போர் விளையாட்டு வரிசையை ஆடும் தேர்ந்த ஆட்டக்காரரும், தமது ஆட்டத்தை ஒளிபரப்பிப் பொருளீட்டுவோரும் பல ஆண்டுகளாக ஒரு முறைப்பாட்டை எழுப்பி வந்துள்ளனர். திறனளவிற் பொருத்துவதால் ஒவ்வோர் ஆட்டமும் கடும் போராட்டமாகிவிட்டது. ஓய்வாக விளையாட முடியவில்லை என்பது அது. இங்கே 'ஓய்வு' என்ற சொல் ஊன்றி நோக்கத்தக்கது. வல்லவர் ஓய்வாக விளையாட வேண்டுமெனின் மெல்லியவர் எதிரே நின்று விழவேண்டும். ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் பாட்டால் ஆவது வர்க்க சமூகத்துக்குப் புதிதன்று.

2024ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அவ்வரிசையை வெளியிடும் அக்டிவிஷன் நிறுவனம், பொருத்தத்தில் திறனுக்குள்ள இடம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆட்டக்காரருள் ஒரு பகுதியினருக்கு அறிவியாமலே திறனின் பங்கைக் குறைத்துச் சோதித்ததாகவும், அதன் விளைவாக ஆட்டக்காரருள் 90 வீதமானோர் மீண்டும் விளையாட வருவது குறைந்ததாகவும், மிகத் திறமையான 10 வீதத்தினரிடையே மட்டும் அது கூடியதாகவும் அவ்வறிக்கை கூறிற்று. சோதனை நடத்தியதும் முடிவு சொன்னதும் அந்நிறுவனமே ஆதலின் அதனை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் தருக்கம் தெளிவானது. அடித்தட்டிலுள்ளோர் விலகின் அவர்க்கு மேலே நின்றவர் அடித்தட்டாகிறார், அவரும் விலகுவார். விலகிச் செல்பவர் மனு எழுதுவதில்லை. எழுதுபவர் நிலைத்து நிற்பவர், அவர்களே வல்லவர். அதனாற்போலும், 2025 நவம்பரில் அவ்வரிசையிலே வெளிவந்த பிளக் ஒப்ஸ் 7, தன் சொந்த நிறுவனத்தின் ஆய்வு சொன்னதற்கு மாறாக, திறனை மிகக் குறைவாகவே கருதும் திறந்த பொருத்தத்தை வழமையான முறையாகக் கொண்டு வெளிவந்தது.

இம்முறைப்பாட்டின் செயல்வடிவமே 'ஸ்மேர்ஃபிங்' எனப்படுவது. வல்லவர் ஒருவர் புதிய பெயரிற் புதிய கணக்குத் திறந்து, புதியவர் போற் புதியவரிடையே புகுந்து வெல்லுதல். 1996 அளவில் வோர்க்கிராஃப்ட் 2 விளையாட்டிலே, தம்மோடு ஆட எவரும் முன்வராத அளவுக்குப் பெயர்பெற்றிருந்த இருவர் கேலிச்சித்திரப் பாத்திரங்களின் பெயர்களில் மறைந்து விளையாடியதிலிருந்து இச்சொல் வந்தது என்பர். அன்று குறும்பாயிருந்தது பின்னர் பெருவழக்காயிற்று. டோட்டா 2 விளையாட்டிலே இத்தகைய 90,000 கணக்குகளைத் தடைசெய்ததாக வால்வ் நிறுவனம் 2023 செப்ரெம்பரில் அறிவித்தது. இதன் மறுபக்கம், வல்லவருக்குக் கூலி கொடுத்துத் தம் கணக்கின் தரநிலையை உயர்த்திக்கொள்ளுதல். தென்கொரியா 2018 இறுதியிற் சட்டத்தைத் திருத்தி, 2019 நடுப்பகுதியிலிருந்து இத்தொழிலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. திறனை அளக்க எழுந்த எண், திறனிலிருந்து பிரிந்து தானே விலைபோகும் பண்டமாகியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் தேர்ந்தோரின் முறைப்பாட்டிலே உண்மையின் ஒரு கூறு உண்டு. அதனை ஒப்புக்கொள்ளாத விமர்சனம் ஒருபக்கச் சார்புடையதாகிவிடும். பொருத்தம் உண்மையிலே சமமானதாயின், ஒருவர் எவ்வளவு கற்றாலும் பாதி வெல்வார், பாதி தோற்பார். சென்ற ஆண்டு ஐம்பது வீதம். ஓராண்டு முயன்று கற்றபின்னும் ஐம்பது வீதம். அவர் வளர வளர அவர்முன் நிறுத்தப்படுபவரும் வலியவராகிறார். வளர்ந்திருக்கிறார், ஆனால் வளர்ச்சி வெற்றியாகப் புலப்படுவதில்லை. செக்கைச் சுற்றும் எருதுக்கு நடந்த தூரம் தெரியாததுபோல. புதியவரை இது இன்னுங் கூடுதலாகத் தாக்கும். தாம் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு வேறு சான்று எதுவும் அவர் கையில் இல்லை.

இவ்விடத்திலேதான் பொருத்தத்தின் சிக்கல் முன்னேற்றத்தின் சிக்கலாக மாறுகின்றது. பொருத்தம் நேர்மையாகுந்தோறும் வளர்ச்சி கண்ணுக்கு மறைகின்றது. மறைந்த வளர்ச்சியின் இடத்திலே கண்ணுக்குத் தெரியும் வேறொரு 'வளர்ச்சி'யை நிறுவனம் வைக்கின்றது. படிநிலைகள், பதக்கங்கள், திறக்கப்படும் ஆயுதங்கள், சேகரிக்கப்படும் அட்டைகள் என்று அது பலவாறாக வரும். தோற்றவருக்கும் அதிற் சிறிது கிடைக்கும். முன்னேற்றம் என்ற பெயரில் இன்று வழங்குவது பெரும்பாலும் இதுவே.

இலக்கிய மாணவருக்கு இங்கே நாவல் நினைவுக்கு வருதல் இயல்பு. கெதேயின் வில்ஹெல்ம் மைஸ்ரர் தொடக்கம், கதைமாந்தர் உலகிற் புகுந்து, தவறி, கற்று, முதிரும் வரலாற்றைச் சொல்வது ஐரோப்பிய நாவலின் ஒரு பெருங்கிளை. அங்கே வளர்வது மனிதர். இணைய விளையாட்டிலே இரண்டு வளர்ச்சிகள் ஒருங்கே நடக்கின்றன. ஒன்று ஆட்டக்காரரின் கையிலும் கண்ணிலும் மதியிலும் நிகழ்வது. மற்றையது அவரது கணக்கில் நிகழ்வது. முதலாவதை எவரும் பறிக்க முடியாது, விற்கவும் முடியாது. இரண்டாவது நிறுவனத்தின் கணினியிலே பதிவாகி, நிறுவனத்தின் உடைமையாகவே கிடப்பது. மனித உறவுகளும் ஆற்றல்களும் பொருள்களின் இயல்புகளாகத் தோற்றம் பெறும் நிலையை லூக்காச் 1923இல் விளக்கினார். வளர்வது தாமா, தம் கணக்கா என்று ஆட்டக்காரரே அறியாது மயங்கும் நிலை அதன் அண்மைக்கால உதாரணங்களுள் ஒன்று எனலாம்.

கணக்கின் வளர்ச்சி வெறும் அலங்காரமாயிருப்பின் அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. உடை, நிறம், கொடி என்பவற்றை விற்றுப் பிழைக்கும் விளையாட்டுக்கள் பல. டோட்டா 2 தன் வீரர் அனைவரையும் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகின்றது, விற்பது அணிகலன்களையே. சிக்கல், கணக்கின் வளர்ச்சி களத்திலே வலிமையாக மாறும்போது எழுகின்றது. 2009இல் வெளிவந்த லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் விளையாட்டிலே 'ரூன்' எனப்பட்ட சின்னங்கள், வீரரின் தாக்கும் வலியையும் தாங்கும் வலியையும் சிறிது சிறிதாகக் கூட்டின. அவற்றை ஆடிச் சேர்த்த புள்ளிகளாலேயே வாங்க வேண்டும். பணத்தால் வாங்க முடியாது. எனவே நேர்மையானது என்று வாதிடப்பட்டது. ஆனால் அப்புள்ளிகள் விரைந்து சேரும் வகைசெய்யும் ஊக்கிகள் பணத்துக்கு விற்கப்பட்டன. வீரர்களைப் பணத்தால் வாங்கியவர் தம் புள்ளிகள் முழுவதையும் ரூன்களுக்கே செலவிடலாம். புதியவரோ இரண்டையும் ஒரே பையிலிருந்து வாங்க வேண்டும். அதாவது கற்றுக்கொள்ளாதவர் என்பதால் ஏற்கெனவே மெலிந்து நிற்பவர்மீது, சேகரிக்காதவர் என்பதால் இன்னொரு மெலிவும் ஏற்றப்பட்டது. தோற்றபின் காரணம் தம் கையா, தம் பையா என்று அவரால் பிரித்தறிய முடியாது. தோல்வியிலிருந்து கற்கும் வாய்ப்பே இதனால் அடைபடுகின்றது. இதுவே மிகப் பெரிய தீங்கு என்பேன். அந்நிறுவனம் 2017 நவம்பரில் இம்முறையைக் கைவிட்டு, எல்லாருக்கும் இலவசமான புதிய முறையைக் கொண்டுவந்தது. எட்டாண்டுகள் பிடித்தன.

அதே மாதத்திலேதான் இன்னொரு நிகழ்வும் நடந்தது. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் வோர்ஸ் பற்றில்ஃப்ரொன்ட் 2 வெளிவரும் தறுவாயில், டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க 60,000 புள்ளிகள் வேண்டும் என்பதும், களத்தில் வலிமை தரும் அட்டைகள் பணத்துக்கு வாங்கக்கூடிய பரிசுப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதும் பெருங் கண்டனத்துக்குள்ளாயின. புள்ளிகள் 15,000 ஆகக் குறைக்கப்பட்டன. வெளியீட்டுக்கு முன்னாளிலே பண விற்பனை நிறுத்தப்பட்டது. 2018 மார்ச்சில் முன்னேற்ற முறை முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு வேறு மூன்று விளையாட்டுக்களின் பரிசுப் பெட்டிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் எனக் கண்டது. நுகர்வோர் ஒன்றுபட்டாற் சில வெற்றிகள் கிட்டும் என்பதற்கு இந்நிகழ்வு சான்று. ஆயினும் அன்று குரலெழுப்பியோர் பெரும்பாலும் அனுபவசாலிகள் என்பதும், புதியவரின் பெயராற் பேசப்பட்டதேயன்றிப் புதியவர் பேசவில்லை என்பதும் மறக்கத்தக்கன அல்ல.

பொருத்தமும் முன்னேற்றமும் ஒரே கையில் இருப்பதன் விளைவு இன்னும் நுண்ணியது. 2015இல் விண்ணப்பித்து 2017 ஒக்ரோபரில் அக்டிவிஷன் பெற்ற ஆக்கவுரிமையொன்று, புதிய ஆட்டக்காரர் ஒருவரை, அவர் விரும்பக்கூடிய ஆயுதத்தை ஏற்கெனவே வைத்திருக்கும் வல்லவரோடு பொருத்தி, அதனை வாங்கத் தூண்டும் முறையை விவரிக்கின்றது. வாங்கியபின், அவ்வாயுதம் நன்கு பயன்படக்கூடிய களத்திலே அவரைச் சேர்த்து, வாங்கியது நல்லதே என்ற திருப்தியை ஊட்டும் வழியும் அதிற் கூறப்பட்டுள்ளது. எந்த விளையாட்டிலும் இது நடைமுறைப்படுத்தப்படவில்லை என நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டில் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் ஆய்வாளரும் பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையொன்று, சமதிறனுடையோரைப் பொருத்துவதே சிறந்தது என்ற கொள்கையை நேரடியாகவே கேள்விக்குட்படுத்தியது. ஆட்டக்காரர் விளையாட்டை விட்டு விலகும் வாய்ப்பை அவரது அண்மைய வெற்றி தோல்விகளிலிருந்து கணித்து, அவ்விலகலைக் குறைக்கும் வகையில் எதிராளியைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது அதன் முன்மொழிவு. இவை நடைமுறையில் உள்ளனவா என்பது இங்கு முக்கியமன்று. எது நேர்மையான ஆட்டம் என்ற வினாவின் இடத்தை, எது ஆட்டக்காரரை நீங்காது வைத்திருக்கும் என்ற வினா பிடித்துக்கொண்டது என்பதே முக்கியம். முன்னையதில் ஆட்டக்காரர் பயன். பின்னையதில் அவர் சரக்கு.

இதன் மென்மையான வடிவமொன்றை இக்கட்டுரையாளர் தம்மளவில் அனுபவித்ததுண்டு. விடுமுறையொன்றிலே, நூறு பேர் மோதி இறுதியில் ஒருவர் எஞ்சும் வகை விளையாட்டொன்றைக் கைத்தொலைபேசியில் முதன்முறையாக ஆடி, முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றேன். முனைவர்ப் பட்டம் பெற்ற நாளிலும் அவ்வளவு பெருமிதம் இருந்ததில்லை. இதனைக் கேட்ட மாணவர் ஒருவர் சிரித்துக்கொண்டு, "சேர், நீங்கள் சுட்டதெல்லாம் ஆக்களில்லை, பொட்" என்றார். இயந்திரம் ஆட்டும் பொம்மைகள் மனிதப் பெயர் சூடி என்முன் விழுந்திருக்கின்றன. புதியவர் இயந்திரத்தோடு ஆடிப் பழகுவது தவறன்று, நல்ல பயிற்சியும்கூட. ஃபோர்ட்னைட் விளையாட்டிலே 2019இல் இவ்வாறான பொட்களைச் சேர்த்தபோது எபிக் நிறுவனம் அதனை வெளிப்படையாக அறிவித்தது. திறன் கூடுந்தோறும் அவை குறையும் என்றும் சொன்னது. களத்தினுள்ளே எவர் மனிதர், எவர் பொட் என்பதை ஆட்டக்காரருக்குச் சொல்லாமையே குறை. ஆசிரியர் மாணவனுக்கு விட்டுக்கொடுத்து ஆடுவதற்கும், வென்றதாக மாணவனை நம்பவைப்பதற்கும் வேறுபாடு உண்டு. சீன, யப்பானிய மரபில் வந்த கோ ஆட்டத்திலே மெல்லியவர் தம் கற்களிற் சிலவற்றை முன்னதாகவே பலகையில் வைத்துத் தொடங்குவார். ஒன்பது கல் வைத்தாலும் அவை இருவர் கண்முன்னும் இருக்கும். கற்பவர் எட்டுக் கல்லில் வெல்லத் தொடங்கும் நாளிலே தம் வளர்ச்சியைத் தாமே எண்ணிப் பார்ப்பார்.

இனி, நம் பக்கத்திலிருந்து வரக்கூடிய மறுப்பொன்றையும் நோக்க வேண்டும். இவை அனைத்தும் முதலாளித்துவத்தின் கேளிக்கைச் சரக்கு. இவற்றுள் நீதி தேடுவது வீண் என்று தோழர் சிலர் கூறுவர். விளையாட்டு நிரல்களைத் திருத்தியமைக்கும் இரசிகரின் ஊதியமற்ற உழைப்பைக் குறிக்க யூலியன் கியூக்லிஹ் 2005இல் ஆக்கிய 'விளையாட்டுழைப்பு' என்னும் கருத்தை விரித்து, ஆடுவதெல்லாம் சுரண்டலே என்பாரும் உளர். இக்கூற்று எல்லாவற்றையும் விளக்குவதால் எதனையும் விளக்காது போகின்றது. கூலியுழைப்பு முழுவதும் சுரண்டலே என்பதை அறிந்த தொழிலாளர் எட்டுமணி நேர வேலைக்காகப் போராடாமல் இருந்துவிடவில்லை. நான்கு மணி நேரம் தோற்று, ஏன் தோற்றோம் என்று அறியாமலே எழுந்து செல்லும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, ரூன் முறை கைவிடப்பட்டது ஒரு பொருட்டே.

அதேவேளை சமப் பொருத்தம் கிடைத்துவிட்டால் நீதி முழுமையடைந்துவிடும் என்றுங் கொள்ளலாகாது. கோதா வேலைத்திட்டம் பற்றி 1875இல் எழுதிய விமர்சனத்திலே மார்க்ஸ், சமமற்ற மனிதர்மீது ஒரே அளவுகோலைப் பிரயோகிக்கும் சமவுரிமை, உள்ளடக்கத்திற் சமமின்மையின் உரிமையே எனக் காட்டினார். தரப்புள்ளியும் அத்தகைய அளவுகோலே. இரவு ஒரு மணி நேரம் மட்டும் ஆடக்கூடிய ஆடைத்தொழிற்சாலைத் தொழிலாளியையும் நாள் முழுவதும் ஆடக்கூடியவரையும் அது ஒரே எண்ணால் அளக்கின்றது. பருவத்துக்குரிய பரிசுகள் பருவம் முடியுமுன் ஆடி முடிப்பவருக்கே என்ற விதி, நேரமில்லாதவரிடமிருந்து பணத்தை எதிர்பார்க்கின்றது. இலங்கையிலிருந்து ஆடுபவரின் ஒவ்வோர் அசைவும் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள வழங்கிக்குச் சென்று மீள வேண்டும். அவ்வழங்கியின் ஊரிலே, நல்ல இணைப்போடு இருப்பவர் அதற்குள் ஒருமுறை சுட்டுவிடுவார். அவ்வாறு தோற்றுத் தோற்று நம்மவரின் எண் இறங்கும். இறங்கிய எண் அவரது கைத்திறனாகவே பதியப்படும். கணக்கு சரி. கணக்கு எதனை அளந்தது என்பதே வினா.

எனவே புதியவர் சார்பிற் கேட்கத்தக்கது வெல்லும் உரிமையன்று. தோற்பின், தாம் இன்னும் கல்லாத ஒன்றினாலேயே தோற்றோம் என உறுதியாக நம்பக்கூடிய களம் அவருக்கு வேண்டும். அதற்குக் களத்திலே வலிமை விலைக்கு வரலாகாது. அளவுகோலும் அளந்த முறையும் அளக்கப்படுபவரின் கையில் இருக்க வேண்டும்.

இது கனவன்று. சதுரங்கத்தின் எண் எங்கிருந்து புறப்பட்டதோ அச்சதுரங்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2010இல் பிரான்சிலே தொடங்கப்பட்ட லீசெஸ் என்னும் இணைய அரங்கு இலாப நோக்கற்ற சங்கமொன்றினால், நன்கொடைகளைக் கொண்டு நடத்தப்படுவது. விளம்பரமில்லை, காசுக்கு விற்கும் காய்களுமில்லை. அதன் நிரல் முழுவதும் எவரும் படிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டிருப்பதால், எதிராளி எவ்வாறு தெரியப்படுகிறார் என்பதை விரும்பியவர் பார்த்தறியலாம். ஆடி முடித்த ஆட்டத்தை, எந்த நகர்வில் தவறினோம் என்று இலவசமாகவே ஆராய்ந்து பார்க்கவும் வசதியுண்டு. கிளிக்மனின் திருத்திய முறையே அங்கு பயன்படுகின்றது. அதிலும் குறை இல்லாமலில்லை. புதியவர் 1500 என்ற நடுவெண்ணிலிருந்து தொடங்குவதால், நேற்றுத்தான் காய் நகர்த்தப் பழகியவர் முதற் சில ஆட்டங்களைத் தம்மினும் மிக வலியவரிடம் கொடுத்துவிட்டே தமக்குரிய இடத்துக்கு இறங்க வேண்டும். அந்நாட்கள் கசப்பானவை. ஆயினும் அவரது நிச்சயமின்மை 110 என்ற அளவுக்குக் கீழே இறங்கும்வரை, 1500 என்ற எண்ணின் பக்கத்திலே ஒரு கேள்விக்குறி இடப்பட்டிருக்கும். அதை அவரும் காண்பார்; அவரோடு ஆட அமர்பவரும் காண்பார்.